ஐந்து வாக்கியக் கடிதமும் 608 மேற்கோள்களும்

முதலில், மேற்கோள் பட்டியல்களில் வரும் ஒரு பதிவைப் பார்த்துவிடுவோம்.

போர்ட்டர், ஜே., ஜிக், எச். (1980). நார்காட்டிக் மருந்து பெறும் நோயாளிகளிடம் அடிமையாதல் அரிது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், 302(2), 123.

ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, எண், பக்கம் என எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தமிழில் பெயர்த்து எழுதியிருக்கிறேன் என்பதைத் தவிர இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாக ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு வரி வந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். மேற்கோள் காட்டுவது எங்கே தவறிப்போகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் குறையில்லாத வரிதான். அதனால் அதன் கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

கடிதத்தில் இருந்தது

1980 ஜனவரி 10 தேதியிட்ட இதழில், ஆசிரியருக்கு வந்த கடிதங்களின் பகுதியில் இது வெளியானது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். இருவரும் பாஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கு என்னென்ன மருந்துகள் தரப்பட்டன, அவற்றால் என்ன நேர்ந்தது என்று பதிவுசெய்து வைப்பது அத்திட்டத்தின் வேலை. கடிதம் முழுவதும் ஒரே பத்தி, மொத்தம் ஐந்து வாக்கியங்கள். ஒரு மிடறு தேநீர் தொண்டையில் இறங்குவதற்குள் படித்துவிடலாம்.

முதல் வாக்கியம், தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட்ட 39,946 உள்நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்தோம் என்கிறது. அவர்களில் 11,882 பேர் குறைந்தது ஒரு நார்காட்டிக் மருந்தாவது (அபினி வகை வலிநிவாரணி) பெற்றவர்கள். முன்பு அடிமையாதல் வரலாறு இல்லாதவர்களில் நான்கு பேரிடம் மட்டுமே ஓரளவு நன்றாகப் பதிவான அடிமையாதல் தெரிந்தது என்பது இரண்டாவது. அவற்றுள் ஒன்றுதான் கடுமையானது என்பது மூன்றாவது. நான்காவது, மருந்துகளின் பெயர்கள்: இருவருக்கு மெபெரிடின், ஒருவருக்குப் பெர்கோடான், ஒருவருக்கு ஹைட்ரோமார்ஃபோன். ஐந்தாவது முடிவு: மருத்துவமனைகளில் நார்காட்டிக் மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும், அடிமையாதல் வரலாறு இல்லாத நோயாளிகளிடம் அது உண்டாவது அரிது.

இதில் பொய் ஏதுமில்லை, மிகையும் இல்லை. தங்கள் கோப்புகளில் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடிதத்தில் இல்லாதவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எவ்வளவு மருந்து என்பது இல்லை. எத்தனை நாள் என்பது இல்லை. 'குறைந்தது ஒன்று' என்பதால், ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வீடு திரும்பியவரும் அந்த 11,882 பேருக்குள் அடக்கம். வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இல்லை. அடிமையாதல் என்று எதைக் கணக்கில் கொண்டார்கள் என்ற வரையறையும் இல்லை. இவையெல்லாம் கடிதம் எழுதியவர்களின் குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். கடிதம் என்பது அவ்வளவுதான். 'எங்கள் கோப்பில் இப்படி இருந்தது, தெரிந்துகொள்ளுங்கள்' என்று சக மருத்துவர்களிடம் ஒரு வார்த்தை போட்டு வைப்பது.

தலைப்பைக் கவனியுங்கள். ஐந்தாவது வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: 'மருத்துவமனைகளில்', 'அடிமையாதல் வரலாறு இல்லாத'. தலைப்பில் இரண்டுமே இல்லை. கடிதத்தைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்தவருக்குக் கிடைக்கும் செய்தி, கடிதம் சொன்னதைவிடப் பெரியது. பட்டியலில் ஏறுவதோ தலைப்புதான்.

கடிதம் ஆய்வான விதம்

அந்தக் காலத்தில் இதைப் படிக்க வேண்டுமானால் நூலகத்துக்குப் போய், பைண்டு செய்து வைத்த பழைய தொகுதியை எடுத்து, 123ஆம் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பியவர் உடனே கண்டுகொண்டிருப்பார், இது பக்கத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கும் கடிதம் என்று. திருப்பாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. 1990இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்த ஒரு கட்டுரை இதை 'விரிவான ஆய்வு' என்றது. 2001இல் டைம் இதழுக்கு இது 'மைல்கல் ஆய்வு' ஆகிவிட்டது. ஐந்து வாக்கியம்! இடையில் யாரும் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. கைமாறக் கைமாற அதுவாகவே பருத்தது.

இடையில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1995 இறுதியில் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு (கடிதம் நார்காட்டிக் என்று சொன்ன அதே வகை) வலிநிவாரணிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோயாளிகளுக்கோ அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கோ மட்டுமல்லாமல், முதுகுவலி போன்ற நாள்பட்ட வலிகளுக்கும் மாதக்கணக்கில் எழுதிக்கொடுக்கும் மருந்தாக அது விற்கப்பட்டது. அடிமையாகும் அபாயம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லப்பட்டது. 11,882இல் நான்கு என்பது ஒரு சதவீதத்துக்குக் கீழேதான். மிகக் கீழே, சுமார் 0.03 சதவீதம். கணக்கில் பிழையில்லை. மருத்துவமனைக் கட்டிலில் செவிலியர் கையால் மருந்து வாங்கியவரின் கணக்கை, மாத்திரைக் குப்பியோடு வீட்டுக்குப் போகிறவருக்குப் பொருத்தியதுதான் பிழை. 2007இல் அந்த மருந்தைத் தயாரித்த பர்டூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம், அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டித் தவறாக முத்திரையிட்டு விற்ற குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இவ்வளவுக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு மிகைதான். விற்பனைக்கு வேறு பல கருவிகள் இருந்தன. ஆனால் 'நார்காட்டிக் பயம் தேவையற்றது' என்ற பேச்சுக்கு அடியில், கேட்டால் நீட்டிக் காட்ட ஒரு மேற்கோள் எண் இருந்தது. அந்த எண்ணாக இந்தக் கடிதம் பயன்பட்டது.

எண்ணிப் பார்த்தவர்கள்

2017இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் கடிதத்தை யார் யார் மேற்கோள் காட்டினார்கள், எதற்காகக் காட்டினார்கள் என்று தேடி எடுத்து வகைப்படுத்தினார்கள். அதை வெளியிட்டதும் அதே நியூ இங்கிலாந்து ஜர்னல்தான், அதுவும் ஒரு கடிதமாகத்தான். மொத்தம் 608 மேற்கோள்கள் கிடைத்தன. இது எவ்வளவு என்று புரிய அவர்களே ஓர் அளவுகோலும் வைத்தார்கள்: அதே காலத்தில் அதே இதழில் வந்த 11 தனிக் கடிதங்கள் ஒவ்வொன்றும் எத்தனை முறை மேற்கோளாயின என்று பார்த்தால், இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) வெறும் 11.

608இல் 439, அதாவது 72.2 சதவீதம், ஓபியாய்டு பெறும் நோயாளிகளிடம் அடிமையாதல் அரிது என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டியிருந்தன. 491, அதாவது 80.8 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. ஆக்சிகான்டின் வந்த பிறகு மேற்கோள்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு ஏறியது என்பதும் அவர்கள் கண்டது.

எனக்கு இரண்டாவது எண்தான் உறுத்துகிறது. ஒரு கடிதத்தை எந்தத் தரப்புக்கு ஆதாரமாகக் காட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏதோ நம்பிக்கையில் காட்டினார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் 'உள்நோயாளிகள்' என்ற தகவல் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் ஒருவர் விட்டுவிடுகிறார் என்றால் வேண்டுமென்றே விடுகிறார். பார்க்கவே இல்லையென்றால், படிக்காத ஒன்றைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறார். ஐந்நூறு பேருக்கு அருகில் முதல் வகை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

படிக்காமல் எப்படிப் பட்டியலில் ஏறுகிறது

இதற்கு ஒரு தடயம் வேறொரு துறையிலிருந்து கிடைக்கிறது. 2003இல் மிகைல் சிம்கின், வ்வாணி ராய்சௌத்ரி என்ற இருவர் மேற்கோள்களில் வரும் அச்சுப் பிழைகளை ஆராய்ந்தார்கள். சுமார் 4,300 முறை மேற்கோளான ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அந்த மேற்கோள்களில் 196இல் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஏதாவதொன்று தவறாக இருந்தது. ஆளுக்கொரு தவறு செய்திருந்தால் 196 விதமான பிழைகள் இருக்க வேண்டும். இருந்தவையோ 45 விதம்தான். ஒரே ஒரு பிழை மட்டும் 78 இடங்களில் அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே நூலகத்துக்குப் போய் ஒரே மாதிரிக் கைதவறினார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் எடுத்திருக்கிறார்கள். இதை வைத்து அவர்கள் போட்ட மதிப்பீடு: மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் சுமார் 20 சதவீதம். அது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கில்லை. பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டாலும் மூலத்தைப் படித்தவர்கள் இருப்பார்கள் என்று வாதிடலாம். நான் வாதிடமாட்டேன், எனக்கு என் கதை தெரியும்.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அன்று, புறத்தேர்வாளர் என் ஆய்வேட்டை ஓரிடத்தில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். மற்ற கேள்வியெல்லாம் முடிந்த பிறகு மெதுவாகத் திறந்தார். "இந்த 214ஆம் பக்கம் எந்தப் பதிப்பில் இருக்கிறது, தம்பி? என்னிடம் இருக்கும் நூல் 190 பக்கத்தோடு முடிந்துவிடுகிறது" என்றார். அது 124. எனக்கு முன்னால் ஒருவர் எண்ணை மாற்றிப் போட்டிருந்தார். நான் அவருடைய பட்டியலிலிருந்து நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன், அவருடைய பிழையும் சேர்த்து. நூலை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. தேர்வாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது சிரமமான வேலை ஒன்றுமில்லை. நூல் கைக்கு எட்டவில்லையென்றால், நான் படித்த கட்டுரையின் வழியாகத்தான் அது எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வழிமேற்கோள் என்று இதற்கு இடமே இருக்கிறது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) மேற்கோள் முறையில், மூல ஆசிரியரின் பெயரை உரைக்குள் சொல்லி, இன்னாரின் நூலில் காட்டப்பட்டபடி என்று குறித்து, பட்டியலில் நான் உண்மையில் படித்ததை மட்டும் போட வேண்டும். இதை மாணவர்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். வழிமேற்கோள் போட்டால் சோம்பேறி என்று தெரிந்துவிடுமாம். பட்டியலில் மூலநூல் இருந்தால் உழைத்தது போல் இருக்குமாம். நானும் அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வாக்கியங்கள்

போர்ட்டர், ஜிக் கடிதத்தை ஒரு கட்டுரைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று எழுதிப் பார்க்கலாம். வழக்கமாக வந்த வடிவம் ஏறக்குறைய இது:

ஓபியாய்டு சிகிச்சையில் அடிமையாதல் அரிது (போர்ட்டர், ஜிக், 1980).

கடிதத்துக்கு உண்மையாக எழுதினால் இப்படி இருக்கும்:

மருத்துவமனையில் இருந்தபோது குறைந்தது ஒரு நார்காட்டிக் மருந்து பெற்ற 11,882 பேரின் கோப்புகளில், அடிமையாதல் வரலாறு இல்லாத நான்கு பேரிடம் அடிமையாதல் பதிவாகியிருந்ததாக போர்ட்டர், ஜிக் (1980) இருவரும் ஒரு கடிதத்தில் தெரிவித்தனர். வீடு திரும்பிய பின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததாக அதில் குறிப்பில்லை.

முதலாவது ஆறேழு சொற்களில் முடிகிறது. இரண்டாவது மூச்சு வாங்குகிறது. நீளம்கூடப் பரவாயில்லை. இரண்டாவதை எழுதி முடித்த கையோடு ஒன்று புரிந்துவிடும்: நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் மருந்து தரலாமா என்ற கேள்விக்கு இந்தக் கடிதம் எந்த உதவியும் செய்யாது. உண்மையாக எழுதினால் மேற்கோள் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் நிபந்தனைகள் உதிர்ந்தன என்று நினைக்கிறேன். சொல்லவந்த கருத்து முன்பே தயாராக இருந்தது. அடைப்புக்குறிக்குள் போட ஒரு பெயரும் ஆண்டும் தேவைப்பட்டன. அடைப்புக்குறி என்னும் ஏற்பாடே இதற்கு வசதி செய்கிறது. பெயரை வாக்கியத்துக்குள் எழுவாயாக வைத்தால், அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வினைச்சொல் போட்டாக வேண்டும்: பார்த்தார்கள், எண்ணினார்கள், கண்டார்கள். அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டால் வினைச்சொல்லே வேண்டாம். கருத்து தானாக நிற்கும், பெயர் காவலுக்கு நிற்கும்.

ஆய்வேடு திருத்தும்போது இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வாதத்தைத் தாங்கும் நாலைந்து இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் அடைப்புக்குறிகளைப் பிரித்து, பெயரை எழுவாயாக்கி வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்கிறேன். மூலத்தைப் படித்தவர் பத்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார். படிக்காதவர் மறுநாள் வருகிறேன் என்கிறார்.

பட்டியலில் தெரிந்த ஒரே துப்பு

மேலே காட்டிய பதிவைத் திரும்பப் பாருங்கள். கடைசியில் 123 என்று ஓர் எண் தனியாக நிற்கிறது. ஆய்வுக் கட்டுரையென்றால் 123-131 என்று ஓர் எல்லை இருக்கும். நாற்பதாயிரம் நோயாளிகளின் 'மைல்கல் ஆய்வு' ஒரே பக்கத்தில் அடங்குமா? கேட்டிருக்கலாம். மருத்துவ இதழ்கள் கையாளும் வான்கூவர் வழியில் தலைப்பையடுத்துச் சதுர அடைப்புக்குள் 'கடிதம்' என்று குறிக்க இடமுண்டு. ஏபிஏ முறையிலும் அப்படி வகையைக் குறிக்கலாம். அந்த ஒரு சொல் ஒவ்வொரு பட்டியலிலும் இருந்திருந்தால் எத்தனை பேர் தயங்கியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சாய்வெழுத்துக்கும் காற்புள்ளிக்கும் மதிப்பெண் குறைக்கும் நாங்கள், இந்தச் சொல் விடுபட்டதற்கு யாருக்கும் குறைத்ததில்லை.

உருவத்தை மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு நேரெதிரான வேடிக்கை ஒன்றும் உண்டு. 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்று வான் டெர் கீர், இன்னும் இருவர் 2000இல் எழுதியதாக ஒரு கட்டுரை. எல்செவியர் பதிப்பகம் தன் கட்டுரையாளர்களுக்குக் கொடுத்த மாதிரிப் படிவத்தில், பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டக் கற்பனையாகப் போட்ட எடுத்துக்காட்டு அது. கட்டுரையும் இல்லை, இதழும் இல்லை. படிவத்தின் மேல் தங்கள் கட்டுரையை எழுதியவர்கள் அந்த வரியை அழிக்க மறந்தார்கள். ஆன்-வில் ஹார்சிங் 2017இல் இதை எழுதியபோது, வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் அந்த இல்லாத கட்டுரை ஏறத்தாழ 400 மேற்கோள் பெற்றிருந்தது. உருவத்தில் அது அப்பழுக்கற்ற பதிவு. பிறகென்ன, வடிவத்துக்கே மாதிரியாக இருந்தது அதுதானே. மேற்கோள் மென்பொருள் இன்று காற்புள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறது. கேட்டவுடன் இல்லாத கட்டுரைக்கும் பிழையற்ற பதிவு தயாரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் எண்ணியக் குறியீடு (டிஓஐ) இருந்தால் அதைச் சொடுக்கி, கட்டுரை இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். இருக்கும் கட்டுரை நாம் சொல்வதைச் சொல்கிறதா என்று பார்க்கத்தான் சுருக்குவழி கிடையாது.

கடிதத்தின் இன்றைய நிலை

எழுதியவர்களில் ஒருவரான ஜிக், தன் கடிதம் இப்படிப் பயன்பட்டதை எண்ணி மிகவும் கூனிக்குறுகுவதாக 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்பதில் பொருளில்லை, அதில் தவறு ஏதுமில்லையே. இதழ் வேறொன்று செய்தது. இணையத்தில் அந்த 1980ஆம் ஆண்டுக் கடிதத்தைத் திறந்தால், ஆசிரியர் குழுவின் குறிப்பு ஒன்று தலைமேல் நிற்கிறது: ஓபியாய்டு சிகிச்சையில் அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக இக்கடிதம் அளவுக்கு மீறி, ஆராயாமல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, பொதுச் சுகாதாரம் கருதி வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்ற பொருளில். ஓர் ஆய்விதழ் தன் பக்கத்தில் வந்த பிழையில்லாத ஒன்றுக்கு இப்படி எச்சரிக்கைப் பலகை மாட்டுவது அபூர்வம்.

நல்ல குறிப்பு, தெளிவாகவும் இருக்கிறது. கடிதத்தைத் திறந்து பார்ப்பவரின் கண்ணில் கட்டாயம் படும். வேறொருவர் பட்டியலிலிருந்து பதிவை எடுத்துக்கொள்கிறவருக்கு மட்டும் அது தெரிய வாய்ப்பில்லை. அவருக்குக் கிடைப்பது பழைய வரிதான்: 302(2), 123.